ஆங்கிலச் சொல்வளம் பெருக்கும் நெறி: ஜி.ஆர்.இ. தேர்வை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரு மொழியின் இலக்கணத்தைச் சில ஆண்டுகளிற் கற்றுவிடலாம். அதன் சொற்களஞ்சியமோ வாழ்நாள் முழுவதும் கற்றாலும் முற்றுப்பெறுவதில்லை. இவ்வுண்மையை, அயல்நாட்டில் மேற்படிப்பு நாடும் மாணவர் பிறரினும் நன்கு உணர்வர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுகலை, முனைவர் பட்ட வகுப்புகளுக்கு விண்ணப்பிப்போர் எழுதும் ஜி.ஆர்.இ. என்னும் பொதுத்தேர்வு, கணிதத்தில் வல்ல நம் மாணவரையும் சொல்லறிவுப் பகுதியில் தடுமாற வைக்கிறது. தமிழ்வழியிற் பள்ளிக்கல்வி முடித்து, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய மாணவர் இத்தடுமாற்றத்தைத் தம் அறிவின் குறையென்றே எண்ணிச் சோர்வதும், விண்ணப்பிக்கும் எண்ணத்தையே கைவிடுவதும் உண்டு. அஃது அறிவின் குறையன்று, கற்கும் நெறியின் குறையே என நிறுவுவதும், தமிழ் மாணவர்க்கு உகந்த நெறி யாது எனக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்த்துறை மலரில் ஆங்கிலச் சொற்கல்வி பற்றிய கட்டுரைக்கு இடமுண்டோ எனச் சிலர் வினவலாம். சொற்களைத் தொகுத்தும் வகுத்தும் மனங்கொள்ளும் கலை தமிழர்க்கு மிகப் பழையது. அக்கலையைப் புதியதொரு தேவைக்குப் பயன்கொள்ளுமாறு கூறுவதே நம் கருத்து. ஆதலின் இடமுண்டு என்பதே நம் விடை.

தேர்வின் வரலாறு தரும் பாடம்

ஜி.ஆர்.இ. தேர்வு 1930களில் கார்னெகி அறக்கட்டளையும் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களும் இணைந்து மேற்கொண்ட முயற்சியாற் பிறந்தது. 1947இல் நிறுவப்பெற்ற எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் என்னும் அமைப்பு பின்னர் இதனை ஏற்று நடத்தலாயிற்று.

இதற்கு முன்னோடியாக, கல்லூரி நுழைவுக்குரிய எஸ்.ஏ.டி. தேர்வு 1926இல் தொடங்கியிருந்தது. அதனை வகுத்தோருள் தலையாயவர் கார்ல் பிரிகாம் என்னும் உளவியலார். தேர்வு மதிப்பெண்களைக் கொண்டு இனங்களின் பிறவி அறிவையே ஒப்பிடலாம் என 1923இல் ஒரு நூலில் அவர் வாதிட்டார். ஆயின், 1930இல் தம் கருத்தைத் தாமே மறுத்தெழுதினார். வீட்டில் வேறுமொழி பேசி வளர்ந்தோரை ஆங்கிலத் தேர்வால் அளந்து, அவ்வளவையைப் பிறவி அறிவு எனக் கொள்ளுதல் பிழை என்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

பின்னாளிலும் இச்சிக்கல் முற்றும் நீங்கிற்றில்லை. எஸ்.ஏ.டி. தேர்வில் முன்னர் இடம்பெற்ற ஒப்புமை வினா ஒன்று, ஓட்டக்காரர்க்கும் மாரத்தானுக்கும் உள்ள உறவு, துடுப்பு வலிப்பவர்க்கும் ‘ரெகாட்டா’வுக்கும் உள்ள உறவை ஒத்தது என்பதை இனங்காண வேண்டிற்று. ரெகாட்டா என்பது படகுப் பந்தயத்தின் பெயர். படகுப் பந்தயம் காணும் வாய்ப்புடைய செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு அச்சொல் எளிது, ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அரிது எனப் பலர் குறைகூறினர். 2005இல் அத்தேர்விலிருந்து ஒப்புமை வினாக்கள் நீக்கப்பட்டன.

இவ்வரலாற்றிலிருந்து நம் மாணவர் கொள்ளவேண்டிய பாடம் ஒன்றுண்டு. சொல்லறிவுத் தேர்வு அளப்பது பிறவி மேதைமையை அன்று. பழகிய சொற்களையும் பழகிய வாசிப்பையுமே அது பெரிதும் அளக்கிறது. பிறவியில் வாராதது பழக்கத்தால் வரும். பழக்கத்தால் வருவது எவர்க்கும் வரும்.

இன்றைய வினாவமைப்பு

2011 ஆகஸ்டு வரை ஜி.ஆர்.இ. தேர்வில் எதிர்ச்சொல் வினாக்களும் ஒப்புமை வினாக்களும் இருந்தன. தனிச்சொல்லைக் கொடுத்து அதன் எதிர்ச்சொல்லைக் கேட்கும் முறையில், பட்டியலை மனனஞ் செய்தோர் ஓரளவு பயன்பெற்றனர். அக்காலத்தில் மாணவர் கைகளில் தவழ்ந்த பாரன்ஸ் வழிகாட்டி நூலில் 3,500 சொற்கள் கொண்ட பட்டியல் இருந்தது. அதனை அகரவரிசையில் மனனம் செய்யத் தொடங்கி, முதலெழுத்தைக் கடக்குமுன்னரே கைவிட்டோர் எண்ணிலர்.

2011இல் அவ்விரு வகை வினாக்களும் நீங்கின. 2023 செப்டம்பர் முதல் தேர்வின் முழு நேரமும் இரண்டு மணிக்குள் அடங்குமாறு சுருக்கப்பட்டது. இப்போது சொல்லறிவுப் பகுதியில் 12, 15 என இரு பிரிவுகளாக 27 வினாக்கள் உள்ளன. அவற்றிற்குரிய நேரம் 41 நிமிடம். மதிப்பெண் 130 முதல் 170 வரை வழங்கப்படும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிவதில்லை.

வினாக்கள் மூவகைப்படும். பத்தியைப் படித்து விடையளித்தல் ஒன்று. தொடரிலுள்ள ஒன்று, இரண்டு அல்லது மூன்று வெற்றிடங்களை நிரப்புதல் மற்றொன்று. இதில் எல்லா இடங்களும் சரியாக நிரம்பினாலன்றி மதிப்பெண் இல்லை. மூன்றாவது வகையில் ஒரு வெற்றிடத்திற்கு ஆறு சொற்கள் தரப்படும். அவற்றுள், தொடருக்கு ஒரே பொருள் தரும் இரண்டினைத் தெரிதல் வேண்டும்.

இம்மூன்றாம் வகையைத் தமிழ்த் தொடர் ஒன்றால் விளக்குவோம். ‘அவையில் அவர் ...... எனப் பெயர்பெற்றவராயினும், அன்று மாலை இரண்டு மணிநேரம் இடைவிடாது பேசினார்.’ தரப்பட்ட சொற்கள் ‘டாசிடர்ன்’, ‘லொக்வேஷியஸ்’, ‘ரெட்டிசன்ட்’, ‘கேருலஸ்’, ‘கேன்டிட்’, ‘பெலிஜரன்ட்’ என்பன எனக் கொள்வோம். டாசிடர்ன், ரெட்டிசன்ட் இரண்டும் அதிகம் பேசாதவரைக் குறிப்பன. லொக்வேஷியஸ், கேருலஸ் இரண்டும் அளவின்றிப் பேசுபவரைக் குறிப்பன. கேன்டிட் என்பது ஒளிவுமறைவின்மை, பெலிஜரன்ட் என்பது சண்டையிடும் இயல்பு. பொருளொத்த இணைகள் இரண்டு இருத்தலின், பட்டியலை மட்டும் கற்றவர் எதனைத் தெரிவதென மயங்குவார். ‘ஆயினும்’ என்னும் சொல்லை நோக்கியவர் மயங்கார். பின்வருவது மிகுபேச்சு ஆதலின் முன்வருவது அதற்கு மறுதலை என்பது தெளிவு. இங்கு விடை தருவது கடினச்சொல் மட்டுமன்று, எளிய இணைப்புச்சொல்லும் ஆகும். ஆகவே, ஆங்கிலத்தில் எதிர்நிலை காட்டும் ‘ஆல்தோ’, ‘டெஸ்பைட்’, ‘யெட்’ போன்றவற்றையும், காரணம் காட்டும் ‘சின்ஸ்’, ‘தேர்ஃபோர்’ போன்றவற்றையும் முதற்கண் ஐயமறக் கற்றல் இன்றியமையாதது.

நிகண்டு நெறி

அகரவரிசை தேடுவதற்கு உதவும் வரிசை. கற்பதற்கு உதவும் வரிசை அதுவன்று. நம் முன்னோர் இவ்வேறுபாட்டை நன்கறிந்திருந்தனர். திவாகரம், பிங்கலம், மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு ஆகியன சொற்களைப் பொருள்வகையால் தொகுத்தன. சூடாமணியின் பன்னிரண்டு தொகுதிகளுள் மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர் எனப் பொருள்நோக்கிப் பகுத்தனவே மிகுதி. ஒருசொற் பலபொருள் தருவனவற்றிற்கும் அதில் தனித்தொகுதி உண்டு. திண்ணைப் பள்ளி மாணவர் அதனைப் பாட்டாக மனங்கொண்டனர். முதலெழுத்து வரிசையில் அமைந்த அகராதி நிகண்டு 1594இல் எழுந்தது. பொருள்வழித் தொகுக்கும் நெறி அதற்குப் பல நூற்றாண்டு முந்தியது. மிகுதிப்பொருள் தரும் சால, உறு, தவ, நனி, கூர், கழி என்னும் ஆறு உரிச்சொற்களை நன்னூல் ஒருங்கே நிறுத்திக் கற்பிப்பதும் இந்நெறியே.

இதனை ஆங்கிலத்திற்கும் ஏற்றுக. ‘ஃப்ரூகல்’, ‘த்ரிஃப்டி’, ‘பார்சிமோனியஸ்’, ‘மைசர்லி’ என்னும் நான்கினையும் நான்கு வெவ்வேறு நாட்களிற் கற்பதினும் ஒரே ஏட்டில் ஒருங்கே எழுதிக் கற்பது நன்று. அவ்வாறு எழுதும்போது தமிழும் துணைநிற்கும். சிக்கனம், செட்டு, கஞ்சத்தனம், கருமித்தனம் எனப் புகழ்ச்சியிலிருந்து இகழ்ச்சிக்கு இறங்கும் படிநிலை நம் மொழியிலும் உள்ளதன்றோ? ஃப்ரூகல் என்பது பாராட்டு. பார்சிமோனியஸ் என்பது மனிதரைப் பற்றி வருங்கால் பழிப்பு. அறிவியற் கோட்பாட்டைப் பற்றி வருங்கால் அதுவே பாராட்டாகும், தேவையற்ற கருதுகோள்களைச் சேர்க்காத செறிவினை அது உணர்த்தும். சொல்லின் பொருள் அது நிற்கும் இடத்தாலும் தீர்மானிக்கப்படும் என்பதற்கு இது தக்க சான்று.

தமிழ்ப்பொருள் எழுதுங்கால் ஓர் எச்சரிக்கை தேவை. ‘ஆப்ஸ்கியூர்’, ‘ஆம்பிகியுவஸ்’, ‘வேக்’ என்னும் மூன்றிற்கும் ‘தெளிவற்ற’ என்றே நம் மாணவர் பலர் எழுதிவைப்பர். அவ்வாறு எழுதின் மூன்றும் ஒன்றாகிவிடும். மறைந்து கிடந்து எளிதிற் புலப்படாதது ஆப்ஸ்கியூர். இருபொருட்கு இடந்தருவது ஆம்பிகியுவஸ். எல்லை வரையறுக்கப்படாதது வேக். இவற்றோடு சேர்த்துக் கற்கத்தக்க ‘இக்விவகேட்’ என்பது, வேண்டுமென்றே பிடிகொடாமற் பேசுதல். ‘கவர்படுபொருள்’ என்னும் இலக்கணக் கலைச்சொல்லை அறிந்த தமிழ் மாணவர்க்கு ஆம்பிகியுவஸ் ஒருபோதும் மறவாது. தமிழில் நுட்பமாகச் சொல்லவல்லவரே ஆங்கில நுட்பத்தையும் விரைந்து பற்றுவர். தாய்மொழியறிவு இத்தேர்வுக்குத் தடை என்னும் எண்ணம் களையப்படவேண்டியது. சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட ஆங்கிலம் - தமிழ்ச் சொற்களஞ்சியம் இப்பணியில் நற்றுணையாகும்.

வேர்ச்சொல் நெறி

ஆங்கிலத்தின் உயர்நிலைச் சொற்களிற் பெரும்பாலன இலத்தீன், கிரேக்க வேர்களிலிருந்து கிளைத்தவை. வேர் ஒன்றை அறியின் சொல் பல விளங்கும். அரபுமொழி பயின்ற மாணவர்க்கு இந்நெறி புதிதன்று. க், த், ப் என்னும் மூன்று மெய்களிலிருந்து கிதாப் என நூலும், காதிப் என எழுதுபவரும், மக்தப் என எழுத்துப் பயிலும் பள்ளியும், மக்தூப் என எழுதப்பட்டதும் பிறத்தலை அவர் அறிவர். செய் என்னும் பகுதியிலிருந்து செயல், செய்கை, செய்தி பிறத்தலைத் தமிழ் மாணவரும் அறிவர்.

இலத்தீனில் ‘அனிமஸ்’ என்பது மனம். ‘மேக்னஸ்’ என்பது பெரிது. இரண்டும் சேர்ந்து ‘மேக்னானிமஸ்’ ஆயிற்று. பெருமனம் உடைமை, அதாவது பெருந்தன்மை. ‘பூசில்லஸ்’ என்பது மிகச் சிறியது. எனவே ‘பூசிலானிமஸ்’ என்பது சிறுமனம் உடைமை, அதாவது கோழைத்தனம். ‘யூனஸ்’ ஒன்று, ஆதலின் ‘யுனானிமஸ்’ ஒருமனப்பட்டது. ‘ஈக்குவஸ்’ சமம், ஆதலின் ‘ஈக்வானிமிட்டி’ இன்பதுன்பத்தில் நிலைகுலையாத மனம். மனத்தில் மூண்டெழும் பகைமை ‘அனிமாசிட்டி’. வேர் ஒன்று, சொல் ஐந்து. இவற்றுள் பூசிலானிமஸ் என்பதைத் தனித்து மனனம் செய்வோர் ஒரு வாரத்தில் மறப்பர். குடும்பத்தோடு அறிந்தோர் மறவார்.

ஆயினும் வேர் எப்போதும் நேர்வழி காட்டும் எனக் கொள்ளுதலும் ஆகாது. ‘எனர்வேட்’ என்னும் சொல் ‘எனர்ஜி’யை நினைவூட்டி, ஆற்றல் தருதல் என மயங்க வைக்கும். அதன் உண்மைப் பொருள் ஆற்றலை உறிஞ்சித் தளரச்செய்தல். நரம்பைப் பிடுங்கிவிடுதல் என்பதே அதன் மூலம். ‘நாய்சம்’ என்பதற்கும் ஓசைக்கும் தொடர்பில்லை, அது தீநாற்றம் உடையது. ‘ரெஸ்டிவ்’ என்பது ஓய்ந்திருப்பதன்று, அடங்காது பதைப்பது. ‘டிஸ்இன்டரஸ்டட்’ என்பது ஆர்வமின்மையன்று, நடுவுநிலைமை.

எளிய சொற்களின் அரிய பொருளும் அத்தகைய பொறியே. வங்கியிற் கடன் ‘சாங்ஷன்’ ஆயிற்று என்கிறோம். அதே சொல் ஒரு நாட்டின்மீது விதிக்கும் தண்டனைத் தடையையும் குறிக்கும். ‘குவாலிஃபை’ என்பது தகுதிபெறுதல் மட்டுமன்று, ஒரு கூற்றை வரம்பிட்டுக் கூறுதலும் ஆகும். ‘டெம்பர்’ என்பது சினம் மட்டுமன்று, கடுமையைத் தணித்தலும் ஆகும். அறிந்த சொல்லென அகராதியைப் புரட்டாமல் விடுவோரே இங்கு இடறுகின்றனர்.

ஆங்கிலத்தில் வாழும் நம் சொற்கள்

ஆங்கிலம் பல மொழிகளிடம் கடன்பெற்று வளர்ந்தது. அக்கடனிற் கீழை மொழிகளின் பங்கும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து ‘அல்காரிதம்’ பிறந்தது, அவர்தம் நூலின் தலைப்பிலுள்ள அல்ஜப்ர் என்பதிலிருந்து ‘அல்ஜீப்ரா’ பிறந்தது. தேர்வுப் பட்டியல்களில் இணையாக வரும் ‘செனித்’, ‘நாடிர்’ இரண்டும் அரபு வானியலின் கொடை. தலைக்கு மேலுள்ள உச்சி செனித். அதற்கு நேரெதிர்ப்புள்ளி நாடிர். எதிர்நிற்பது எனப் பொருள்படும் நளீர் என்பதே அதன் மூலம். இன்று அது வாழ்வின் மிகத் தாழ்ந்த நிலையைக் குறிக்கிறது. சுழியத்தைக் குறித்த ஸிஃப்ர் என்பது ‘சைஃபர்’ ஆயிற்று. மதிப்பற்ற மனிதரையும் அச்சொல் குறிக்கும். நம் ஊர்களில் ‘அவன் வெறும் சைபர்’ என்று இகழ்வோர் தம்மை அறியாமலே தேர்வுச் சொல்லொன்றைக் கற்றவராவர்.

தமிழும் தன் பங்கைத் தந்துள்ளது. கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர் ஆகியவை ஆங்கிலத்தில் ஏறிய செய்தியை, 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்னும் சொற்றொகுதி விரித்துரைக்கிறது. ஆயின், ‘பரையா’ என்னும் ஆங்கிலச் சொல்லை மட்டும் நாம் தலைகுனிந்தே கற்கவேண்டியுள்ளது. பறை முழக்கிய மக்கட் பிரிவின் பெயரே, விலக்கி வைக்கப்பட்டவர் என்னும் பொருளில் உலகெங்கும் வழங்கலாயிற்று. நம் சமூகத்தில் நிகழ்ந்த கொடுமையை ஓர் அயல்மொழி அகராதி இன்றும் சான்றாகச் சுமந்து நிற்கிறது. பொருளை மட்டும் கற்று வரலாற்றை விடுவோர் அச்சொல்லைப் பாதியே கற்றவராவர்.

மறதியை வெல்லும் முறை

செர்மானிய அறிஞர் எப்பிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, அவற்றைத் தாம் மறக்கும் வேகத்தை அளந்து 1885இல் வெளியிட்டார். கற்றவுடன் மறதி மிக விரைவாகவும், பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது என அவர் கண்டார். எனவே, ஒரே இரவில் நூறுமுறை படிப்பதினும், இடைவெளி விட்டுச் சிலமுறை நினைவுகூர்தல் பயன்மிக்கது. செபாஸ்டியன் லைட்னர் என்பார் 1972இல் இதற்கு எளியதொரு வழி கூறினார். சொற்களை அட்டைகளில் எழுதி ஐந்து அறைகள் கொண்ட பெட்டியிலிடுக. நினைவில் நின்ற சொல் அடுத்த அறைக்குச் செல்லும், மறந்த சொல் முதல் அறைக்கே மீளும். முதல் அறையை நாள்தோறும், அடுத்தடுத்த அறைகளை இடைவெளி கூட்டியும் எடுத்துப் பார்த்தல் வேண்டும். இன்று கைப்பேசிச் செயலிகள் பல இம்முறையையே பின்பற்றுகின்றன. ஆயினும், பழைய அழைப்பிதழ்களை வெட்டியெடுத்த அட்டைகளும் ஒரு காலணிப் பெட்டியும் போதும். பணமின்மை இதற்குத் தடையாகாது.

அட்டையின் முன்பக்கத்தில் சொல்லையும் அது வந்த தொடரையும் எழுதுக. பின்பக்கத்தில் பொருள், வேர், எதிர்ச்சொல், நுட்பமான தமிழ்ச்சொல் ஆகியவற்றை எழுதுக. பின்பக்கத்தைக் காணுமுன் விடையை வாய்விட்டுச் சொல்லுக. கண்ணாற் பலமுறை பார்த்த சொல்லை அறிந்த சொல்லெனக் கருதுவது மயக்கமே. நாளொன்றுக்கு 10 சொல், வாரத்தில் 6 நாள் என 17 வாரம் கற்பின் 1,020 சொற்கள் கைவரும். ஏழாம் நாள் பழையவற்றை மீளப் பார்ப்பதற்கு உரியது. தேர்வுப் பத்திகள் அறிவியல், வரலாறு, கலை, சமூகவியல் எனப் பல துறைகளிலிருந்தும் வருதலின், நாள்தோறும் ஆங்கில நாளிதழின் தலையங்கமும் கட்டுரை ஒன்றும் வாசித்தல் இதனோடு சேரவேண்டும். தேர்வை நடத்தும் அமைப்பே இலவச மாதிரித் தேர்வுகளை வழங்குகிறது. பெரும்பொருள் செலவிட்டுப் பயிற்சி நிலையம் சேருமுன் அவற்றை எழுதிப் பார்த்தல் அறிவுடைமை.

முடிவுரை

2020க்குப் பின் அமெரிக்கப் பல்கலைக்கழகத் துறைகள் பல, இத்தேர்வு கட்டாயம் என்னும் விதியைத் தளர்த்தியுள்ளன. மாணவர் தாம் விண்ணப்பிக்கும் துறையின் விதியை நேரிற் பார்த்து அறிதல் வேண்டும். தேர்வு இல்லாதவிடத்தும் சொல்வளத்தின் தேவை குறைவதில்லை. விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்கக் கட்டுரையிலும், சென்றபின் படிக்கும் நூல்களிலும், வகுப்பில் எழுந்து கேட்கும் வினாவிலும் அதே சொற்கள் எதிர்நிற்கும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். கல்லூரி நூலகத்தில் மாலைதோறும் ஒரு மணிநேரம் சொற்பயிற்சி வட்டம் ஒன்று நடைபெற வழிசெய்தால், நகரத்துப் பயிற்சி நிலையங்களுக்குச் செல்ல இயலாத மாணவர், குறிப்பாகத் தொலைவூர் அனுப்பப்படாத மாணவியர், பெரும்பயன் அடைவர். ஆங்கிலத்துறை வேரை விளக்கட்டும், தமிழ்த்துறை நிகர்ச்சொல்லைத் தரட்டும், அரபுத்துறை செனித்தும் நாடிரும் வந்த வழியைக் காட்டட்டும். மூன்று துறைகளும் ஒரு மேசையில் அமரின், மாணவர் கையிலுள்ள அட்டை நிறைவுபெறும்.